வேரில் இரண்டு முடிச்சு

நன்கு வளர்ந்த நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரிலுள்ள மண்ணை நீரில் அலசிவிட்டுப் பாருங்கள். குண்டூசித் தலையளவு உருண்டைகள் பல வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, ஆண்டுக்கணக்கில் தக்காளியே பயிரிடப்பட்டுவரும் நிலத்திற்குச் செல்லுங்கள். நீர் பாய்ச்சியிருந்தும் பகலில் வாடி, மாலையில் நிமிரும் செடி ஒன்று அங்கே கண்ணில் படலாம். அதைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் வேரிலும் முடிச்சுகள் இருக்கும்.

பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் முடிச்சு செடிக்கு உரம் தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலை. இரண்டாவது முடிச்சு செடியின் உணவைத் திருடும் புழுவின் வீடு. ஒரே நிலத்தில் மீண்டும் மீண்டும் காய்கறி பயிரிடும் உழவரின் வாழ்வும் தாழ்வும், இவ்விரு முடிச்சுகளுள் எது மிகுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அது எங்ஙனம் என்று காண்போம்.

மலையும் மண்ணும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட 234 செ.மீ. விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி, அங்கிருந்து தொலைதூர விண்மீன்களை ஆராய்கிறது. அந்தத் தொலைநோக்கிக்கு எட்டாத ஓர் உலகம், அதே மலையின் மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு முதலியவற்றை மழையை நம்பிப் பயிரிட்டுவந்தவர்கள். மலைச் சரிவுகளில் சில ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தைப் பின்னர் தரிசாக விட்டுவிடுவது பழைய வழக்கம். அங்கே புதர் மண்டும், இலைகள் உதிர்ந்து மக்கும், மண் இளைப்பாறும். மீண்டும் அதே இடத்திற்கு வரும்போது பயிர் செழிக்கும்.

இன்று ஒரு குடும்பத்தின் பங்குக்கு வரும் நிலம் சிறுத்துவிட்டது. தரிசாக விட இடமில்லை. சாமை வீட்டுப் பானைக்கு உதவும். கைச் செலவுக்குக் காசு வேண்டுமே! எனவே கிணற்று நீர் கிடைக்கும் இடங்களில், மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, காய்கறி பயிரிடுவோர் உண்டு. மலைக்கு மேற்கேயுள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இராயக்கோட்டை, பாலக்கோடு ஆகிய ஊர்கள் தக்காளிக்குப் பெயர் பெற்றவை அல்லவா?

ஒரே நிலத்தில் தக்காளிக்குப் பின் தக்காளி, அல்லது தக்காளிக்குப் பின் கத்தரி என்று போட்டுக்கொண்டே வந்தால், முதல் இரண்டு முறை விளைச்சல் நன்றாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். எவ்வளவு உரம் போட்டாலும் பழைய விளைச்சல் வராது. "மண் செத்துப்போச்சு" என்பார் உழவர். ஒரே ஒரு ஏக்கரை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் நிற்கும். நிலத்தை விட்டு வெளியூர் வேலைக்குப் போக நேரும்.

மண் உண்மையிலேயே செத்துவிட்டதா? பல வேளைகளில் அதற்குள் உயிர் நிறையவே இருக்கிறது. ஆனால் அங்கே குடியேறியிருப்பவை வேண்டாத உயிர்கள்.

பகைவனின் பெருக்கல் வாய்பாடு

தக்காளி வேரில் முடிச்சு உண்டாக்குவது வேர்முடிச்சு நூற்புழு. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்லி என்பவர், கண்ணாடி வீட்டில் வளர்த்த வெள்ளரியின் வேரில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதினார். இதன் அறிவியல் பெயர் மெலாய்டோகைன். நம் பகுதிகளில் தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றைத் தாக்குவதில் முதன்மையானது இன்காக்னிட்டா என்னும் இனம்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப் புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அது வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களைப் பெரிதாக வீங்கச் செய்து, அவற்றிலிருந்து உணவை உறிஞ்சும். வீங்கிய செல்கள் நீர் செல்லும் குழாய்களை நெருக்குகின்றன. அதனால்தான் ஈரம் இருந்தும் செடி பகலில் வாடுகிறது.

ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். நாலு மாதத் தக்காளிப் பயிரில் மூன்று, நான்கு தலைமுறைகள் தோன்றிவிடும். நூற்றுக்கணக்கான முட்டைகளில் பத்து மட்டுமே பிழைத்து வளர்வதாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒன்று பத்தாகும், பத்து நூறாகும், நூறு ஆயிரமாகும், நான்காம் மாதம் பத்தாயிரம்! அடுத்தும் தக்காளியோ கத்தரியோ நட்டால், இந்தப் பத்தாயிரத்திற்கும் விருந்து தயாராக இருக்கிறது.

புழு மட்டுமா? வாடல் நோயை உண்டாக்கும் புசேரியம் என்னும் பூசணமும், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவும் இவ்வாறே மண்ணில் சேர்ந்துகொண்டே போகின்றன. புழு துளைத்த வேரில் இவை எளிதில் நுழைந்துவிடும்.

எல்லாவற்றையும் கொன்றால் என்ன?

இக்கேள்வி எல்லாருக்கும் தோன்றுவதுதான். மேனாடுகளில் அப்படியே செய்தார்கள். தக்காளி, ஸ்ட்ராபெரி வயல்களை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவை மண்ணுக்குள் செலுத்தினர். புழு, பூசணம், களை விதை அனைத்தும் மடிந்தன. பல்லாண்டுகள் இந்த முறை கொடிகட்டிப் பறந்தது.

மண்ணுக்குள் செலுத்திய வாயு மண்ணிலேயே நிற்கவில்லை. ஒரு பகுதி மேலே எழுந்து, வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்தது. அங்கே பிரிந்த புரோமின் அணுக்கள், புறஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோனைச் சிதைத்தன. இவ்வேலையில் புரோமின் அணு, குளோரின் அணுவைக் காட்டிலும் பன்மடங்கு வல்லது. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் 1992ஆம் ஆண்டு மெத்தில் புரோமைடும் சேர்க்கப்பட்டது. சில விலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும், வளரும் நாடுகள் 2015க்குள்ளும் அதைக் கைவிட வேண்டுமென்று முடிவாயிற்று.

இம்முறையில் வேறொரு குறையும் இருந்தது. நஞ்சு நல்லவை தீயவை என்று பார்ப்பதில்லை. காலியான வீட்டில் யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களே குடியிருப்பர். நஞ்சிட்ட மண்ணில் நோய்க்கிருமி முதலில் நுழைந்துவிட்டால், அதை எதிர்க்க அங்கே எவரும் இல்லை. ஆதலால் அறிவியலறிஞர்கள் வேறு வழியை நாடினர். மண்ணை வெறுமையாக்குவதற்குப் பதில், நல்ல உயிர்களுக்கு ஏற்ற வீடாக அதை மாற்றி, அவற்றைக் குடியேற்றுவதே அந்த வழி. முதலில் வீட்டைக் கட்டுவோம், பிறகு குடியேற்றுவோம்.

மண்ணுக்குள் ஒரு வீடு

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் வரும். மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகும். இன்னும் நுணுக்கி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள துகள்களாக்கினால் மேற்பரப்பு 60,000 சதுர செ.மீ., அதாவது 6 சதுர மீட்டர்! ஒரு சிறிய அறையின் தரையளவு. களிமண் துகள்கள் இந்த அளவினவே. நீரும் ஊட்டமும் துகள்களின் மேற்பரப்பில்தான் தங்குகின்றன.

அப்படியானால் வெறும் களிமண்ணே சிறந்ததா? இல்லை. துகள்கள் நெருங்கி அடைத்துக்கொண்டால் காற்று புகாது. வேர் மூச்சுத் திணறும். துகள்கள் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்ந்து, உருண்டைகளுக்கிடையே இடைவெளி இருக்க வேண்டும். உருண்டைக்குள் நீர், இடைவெளியில் காற்று. இந்த உருண்டைகளை ஒட்டவைக்கும் பசை எங்கிருந்து வருகிறது? மக்கிய இலைதழைகளைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் சுரப்பதுதான் அது. பூசணங்களின் இழைகளும் நூல்போல் சுற்றிக் கட்டுகின்றன. காய்கறிக்காக அடிக்கடி உழுதும் கொத்தியும் வரும் நிலத்தில், தழை சேராவிட்டால், பசையும் நூலும் அழிந்து உருண்டைகள் உடைந்துவிடும். மலைச்சரிவில் அத்தகைய மண் ஒரே மழையில் ஓடைக்குப் போய்ச் சேரும்.

மின்னியலும் இங்கே வேலை செய்கிறது. களிமண்ணும் மட்கும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. எனவே நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நைட்ரேட்டோ எதிர்மின்னூட்டமுள்ளது, பிடிப்பில்லாமல் நீரோடு போய்விடும். மட்கு குறைந்த நிலத்தில் கொட்டும் உரத்தில் கணிசமான பகுதி பயிருக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழுவுரம், மட்கு உரம், மண்புழு உரம், பசுந்தாள் உரம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை இடுவது இதற்காகத்தான். இவற்றில் வேப்பம் புண்ணாக்குக்கு இரட்டை வேலை. மக்கும்போது வெளியாகும் அம்மோனியாவும் வேம்பின் கசப்புப் பொருள்களும் நூற்புழுவைத் தாக்குகின்றன. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தையும் அவை மட்டுப்படுத்துகின்றன. எக்டேருக்கு 250 கிலோ என்பது வழக்கமான பரிந்துரை.

மக்காத வைக்கோல் தரும் பாடம்

தழை நல்லதென்று காய்ந்த வைக்கோலை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டு உடனே நாற்று நட்டால், இலைகள் மஞ்சளாகிவிடும். ஏன்? ஒரு கணக்குப் போடுவோம்.

100 கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 40 கிலோ கார்பனும் அரை கிலோ நைட்ரஜனும் இருப்பதாகக் கொள்வோம். நுண்ணுயிர்கள் இதைத் தின்னும்போது கார்பனில் பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 13 கிலோ, அவற்றின் உடலாக மாறும். அவற்றின் உடலில் 8 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். 13ஐ 8ஆல் வகுத்தால் 1.6 கிலோ. வைக்கோலில் இருந்ததோ அரை கிலோ. பற்றாக்குறையான 1.1 கிலோவை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும்.

ஆகவே வைக்கோலோடு சாணமும் பச்சைத் தழையும் கலந்து, ஈரமும் காற்றும் படும்படி குவித்து, முன்கூட்டியே மக்கச் செய்ய வேண்டும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவார்டு, இந்திய, சீன உழவர்களின் பழைய வழக்கங்களை ஆராய்ந்து வகுத்த மட்கு உர முறை, 'இந்தூர் முறை' என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

வீடு தயார். இனி விருந்தினர்களை அறிமுகப்படுத்தலாம்.

முதல் நண்பன்: ரைசோபியம்

அவரை, நிலக்கடலை முதலிய பயறுவகைச் செடிகளுக்கு நைட்ரஜன் உரம் குறைவாகவே தேவைப்படுவது ஏன் என்பதை 1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் ஆகிய இருவரும் விளக்கினர். வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாவே காரணம் என்றனர். 1888இல் டச்சு அறிஞர் பைஜரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்துள்ளன. 28 கிராம் நைட்ரஜனில் இப்பிணைப்புகள் அனைத்தையும் முறிக்க 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 30° செல்சியசிலுள்ள மூன்று லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! ஹேபர் கண்டறிந்து, போஷ் 1913இல் தொழிற்சாலையாக்கிய முறையில், 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. ரைசோபியமோ, நைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் துணைகொண்டு, வயல் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே அதைச் செய்துவிடுகிறது. கூலியாகச் செடி சர்க்கரை தருகிறது.

முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தொழிற்சாலை வேலை செய்கிறது என்று பொருள். அந்நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் பொருளுடையது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது.

தக்காளி, கத்தரி போன்றவற்றின் வேரில் ரைசோபியம் முடிச்சு கட்டுவதில்லை. அவற்றிற்கு அசோஸ்பைரில்லம் உதவுகிறது. 1970களில் பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் இதைப் பற்றிச் செய்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. வேரைச் சுற்றி வாழ்ந்து, சிறிதளவு நைட்ரஜனைக் கொடுப்பதோடு, வேரை நீண்டு கிளைக்கச் செய்யும் ஊக்கப்பொருள்களையும் இது சுரக்கிறது.

இரண்டாம் நண்பன்: வேர்ப் பூசணம்

மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், செம்மண்ணில் இருந்தும் இல்லாததுபோல்தான். இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. பாஸ்போபாக்டீரியா எனப்படுபவை அமிலங்களைச் சுரந்து அக்கட்டை அவிழ்க்கின்றன. அவிழ்ந்த பாஸ்பேட் வேருக்கு வந்து சேர வேண்டுமே! அது விரவல் முறையில் நகர்கிறது. விரவலின் விதி என்ன? தொலைவு இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் நகர இரண்டு மாதம் பிடிக்கிறதென்று கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் நகர இருநூறு மாதம், அதாவது பதினாறு ஆண்டுகளுக்கு மேல்! நாலு மாதப் பயிர் அதுவரை காத்திருக்குமா?

பாஸ்பேட் வேரிடம் வராவிட்டால், வேர் பாஸ்பேட்டிடம் போக வேண்டும். இங்கேதான் மைக்கோரைசா என்னும் வேர்ப் பூசணம் கைகொடுக்கிறது. 1885இல் பிராங்க் என்ற ஜெர்மானியர் சூட்டிய பெயர் இது. பூசணத்தின் இழை நுண்வேரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பருமன் பத்தில் ஒன்றானால், அதே அளவு பொருளைக் கொண்டு நூறு மடங்கு நீளமான இழை நூற்கலாம். வேர் நுழையாத இடுக்குகளில் நுழைந்து, சில சென்டிமீட்டர் அப்பாலிருந்தும் பாஸ்பேட்டை இது கொண்டுவந்து சேர்க்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவை இதனோடு நட்புக் கொள்ளும். கோசு, முள்ளங்கி வகைகள் கொள்ளா. அவற்றுக்கு இதை வாங்கி இடுவது வீண் செலவு.

காவலர் இருவர்

டிரைக்கோடெர்மா என்பது பச்சை நிறப் பூசணம். 1932ஆம் ஆண்டில் வைண்ட்லிங் என்பவர், இது நோய்ப் பூசணங்களின் இழையைக் கொடிபோல் சுற்றி அவற்றை அழிப்பதைக் கண்டறிந்தார்.

மற்றொரு காவலன் சூடோமோனாஸ் புளூரசென்ஸ். 'புளூரசென்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதன்மீது தனிப் பிரியம் பிறந்தது. புறஊதா ஒளியில் இந்த பாக்டீரியா சுரக்கும் பொருள் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கிறது. அழகுக்காகவா? இல்லை; அது இரும்பைப் பிடிக்கும் கொக்கி. மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும், கரைந்த நிலையில் இருப்பது மிகச் சிறிதளவே. அந்தச் சிறிதளவையும் சூடோமோனாஸ் கொக்கிபோட்டு இழுத்துக்கொள்வதால், நோய்க்கிருமிகள் இரும்பின்றி நலிகின்றன. 1980ஆம் ஆண்டில் குளோப்பரும் அவர்தம் குழுவினரும் இதை வெளியிட்டனர். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரன், முத்தமிழன் ஆகியோர் இந்த பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்கு எதிராகப் பயன்படுத்தும் முறையை 1995இல் வெளியிட்டனர். இன்று தமிழ்நாட்டு உழவர்கள் கடையில் வாங்கும் சூடோமோனாஸ் பொட்டலமும் அத்தகைய டால்க் தூள்தான்.

ஒரு பொட்டலம் போதுமா?

எக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லம் இடச் சொல்கிறார்கள். ஒரு எக்டேரின் மேல்மண், 15 செ.மீ. ஆழம்வரை, சுமார் 20 இலட்சம் கிலோ எடையுள்ளது. பொட்டலத்தில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கொள்வோம். நல்ல மண்ணிலும் ஒரு கிராமுக்கு அந்த அளவு பாக்டீரியாக்கள் ஏற்கெனவே உண்டு. அப்படியானால் நாம் தூவும் புதியவர்கள் பத்து இலட்சத்தில் ஒருவர்! கூட்டத்தில் கரைந்துபோவார்களே!

விடை, இடத்தில் இருக்கிறது. ஒரு எக்டேருக்கான தக்காளி விதை சுமார் 400 கிராம். ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதாயிரம் விதைகள். 40 கிராம் அசோஸ்பைரில்லத்தை இவ்விதையோடு கலந்து முழுவதும் ஒட்டினால், விதை ஒன்றுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. முளைத்து வரும் வேரில் முதலில் இடம் பிடிப்பது இவைதாம். 1904இல் ஹில்ட்னர் என்பவர் வேரைச் சுற்றியுள்ள இந்த மெல்லிய மண்ணடுக்குக்கு 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டார்; வேர்மண்டலம் எனலாம். போர் நடப்பது அந்தச் சில மில்லிமீட்டருக்குள்தான். ஆதலால் விதையில் கலப்பதும், நாற்றின் வேரை நனைத்து நடுவதும், தொழுவுரத்தில் கலந்து வேரருகே இடுவதும் பலன் தருகின்றன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பொட்டலத்திலிருப்பவை உயிர்கள். வெயிலில் வைத்தால் இறந்துவிடும். நாள் கடந்தாலும் இறந்துவிடும். இரசாயன உரத்தோடோ பூசணக்கொல்லியோடோ கலந்தாலும் இறக்கக்கூடும். மட்கு இல்லாத வறண்ட மண்ணில் இட்டால் பட்டினியால் மடியும். சோறில்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைத்தால் எத்தனை நாள் தங்குவார்கள்? முதலில் மட்கு, பிறகு நுண்ணுயிர் என்ற வரிசையை மாற்றினால் பணம் மட்டுமே கரையும்.

சூரியனும் துணை

நாற்றங்காலைத் தூய்மையாக்க வெயிலே போதும். 1976இல் இஸ்ரேலில் காட்டான் என்பவரும் குழுவினரும் இதைக் காட்டினர். சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை நன்கு நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் காற்று புகாமல் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். சூரிய ஒளி உள்ளே செல்லும். நீராவி வழியே வெப்பம் வெளியேறுவது தடைப்படும். மேல்மண்ணின் வெப்பம் 45 டிகிரிக்கும் மேலே ஏறும். நூற்புழுவும் பல நோய்ப் பூசணங்களும் இதைத் தாங்கா. கறுப்பு விரிப்பு வேண்டாம். அது ஒளியைத் தானே உறிஞ்சிக்கொண்டு, பெற்ற வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்கே கொடுத்துவிடும். மூடிய பாத்தியில் நல்ல நுண்ணுயிர்களுள் வெப்பம் தாங்குபவை பிழைத்து விரைவில் பெருகும். விரிப்பை எடுத்ததும் மட்கும் டிரைக்கோடெர்மாவும் இட்டால், காலி வீட்டில் நல்லவரே முதலில் குடியேறுவர்.

பயிரை மாற்றினால் பகைவன் பட்டினி

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் ஒரே குடும்பம். தக்காளிக்குப் பின் கத்தரி போடுவது பயிர் மாற்றம் ஆகாது. திருடனுக்கு வேறு கிண்ணத்தில் சோறு போடுவது போன்றது. துலுக்கச் சாமந்தியின் வேரிலுள்ள ஒரு பொருள் நூற்புழுவைக் கொல்லும் என்று 1958ஆம் ஆண்டில் டச்சு ஆய்வாளர்கள் கண்டனர். பூவும் விற்கும், புழுவும் குறையும். மலையடிவாரத்தில் பெருமளவு விளையும் நிலக்கடலை இதற்கு இன்னும் பொருத்தம். தக்காளியைத் தாக்கும் இன்காக்னிட்டா இனம் நிலக்கடலையில் பெருகுவதில்லை. கூடவே ரைசோபியம் நைட்ரஜன் சேர்க்கிறது. ஒரே பயிர் திருடனைப் பட்டினி போட்டு, தொழிற்சாலையையும் ஓட்டுகிறது.

அவரை, பயறு வகைகள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அவற்றின் வேரில் நூற்புழுவும் பெருகும். ஒரே வேரில் நண்பனின் முடிச்சும் பகைவனின் முடிச்சும் சேர்ந்தே இருப்பதுண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கே அந்நிலத்தின் நிலைமை புரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. முடிச்சை இனங்காணல்: ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. தள்ளினால் உதிராது, வேர்தான் அறும்.

2. மண் கட்டிச் சோதனை: மரத்தடி மண் கட்டி ஒன்று, அடிக்கடி உழும் நிலத்துக் கட்டி ஒன்று, இரண்டையும் நிழலில் நன்கு உலர்த்தி, இரு கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இறக்குங்கள். எது உடனே கரைந்து நீரைக் கலக்குகிறது, எது உருக்குலையாமல் நிற்கிறது என்று பாருங்கள். மண் உருண்டைகளின் பசை கண்முன்னே தெரியும்.

3. இரு தொட்டிச் சோதனை: விளைச்சல் குறைந்த நிலத்து மண்ணை எடுத்து இரு பங்காக்குங்கள். ஒரு பங்கைத் துணியில் கட்டி, சமையலுக்கு உதவாத பழைய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேக வைத்து, ஆறவிட்டு, இரு வாரம் வைத்திருங்கள். இரு தொட்டிகளிலும் ஒரே வயதுத் தக்காளி நாற்றுகளை நடுங்கள். ஆறு வாரம் கழித்துப் பிடுங்கி, உயரத்தையும் வேரையும் ஒப்பிடுங்கள். வேகவைத்த மண்ணில் மட்டும் செடி நன்றாக வளர்ந்து, மற்றதன் வேரில் வீக்கங்கள் இருந்தால், குறை உயிரினத்தால் வந்தது; மேலும் உரம் கொட்டிப் பயனில்லை. இரண்டும் ஒரேபோல் நலிந்திருந்தால் குறை ஊட்டத்திலோ மண்ணின் அமைப்பிலோ இருக்கலாம். வேகவைக்கும்போது சிறிது நைட்ரஜன் விடுபடுமாதலால், உயரத்தை மட்டும் நம்பாமல் வேரையும் அவசியம் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி போதாது. நான்கு நான்காவது வையுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு ஆகும் செலவு சில நாற்றுகளும் ஒரு கட்டு விறகும்தான். ஆனால் அதன் விடை, ஓர் உழவர் அடுத்த பருவத்தில் கடன் வாங்கி உரம் போடலாமா, நிலக்கடலைக்கு மாறலாமா என்பதை முடிவு செய்ய உதவும். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ காய்கறி நிலம் இருந்தால், வரும் விடுமுறையிலேயே தொடங்குங்கள். முடிவைக் குறிப்பேட்டில் எழுதி, வேரையும் கையோடு எடுத்துச் சென்று, நிலத்துக்காரரிடம் காட்டுங்கள்.